கதவைத் திறந்ததும் பறந்துபோன பாலிதீன் கவர்

அண்டார்க்டிகாவில் இந்தியாவின் ஆய்வு நிலையமான மைத்ரியில் ஒரு கோடை முழுக்க இருந்தவன் நான். அண்டார்க்டிகா என்றாலே எல்லோரும் பெங்குவினைப் பற்றித்தான் கேட்கிறார்கள், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது குப்பை டிரம். சமையலறை வேலை அங்கே முறைபோட்டு எல்லோருக்கும் வரும், விஞ்ஞானி, மெக்கானிக் என்ற பேதமெல்லாம் கிடையாது. என் முறை வந்த முதல் நாள் ஒரு பாலிதீன் கவரைக் கையில் பிடித்தபடி கதவைத் திறந்தேன், காற்று அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தவறு என்னுடையதுதான். நானும் இன்னொருவரும் பாறைகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் தேடினோம், கடைசியில் பிரியதர்ஷினி ஏரிப் பக்கம் ஒரு கல்லிடுக்கில் படபடத்துக்கொண்டிருந்தது. நாங்கள் குடிக்கிற தண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது!

எடுக்கக் குனிந்தபோது பக்கத்தில் ஒரு தீக்குச்சி. முனை மட்டும் கருகி, குச்சி நேற்றுக் கிழித்ததுபோல இருந்தது. எந்த வருஷத்துக் குச்சியோ. குளிரும் வறட்சியும் சேர்ந்து அங்கே எதையும் மட்க விடுவதில்லை, ஆரஞ்சுத் தோல்கூட அப்படியே கிடக்கும்.

ஒருகாலத்தில் பல நாட்டு நிலையங்களிலும் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தார்கள், கடற்பனி மேல் தள்ளிவிட்டார்கள். அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைப் பாதுகாக்க நாடுகள் 1991-ல் மாட்ரிட்டில் கையெழுத்திட்டு, 1998-ல் அமலுக்கு வந்த நெறிமுறையில் கழிவுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. திறந்தவெளியில் எரிக்கக் கூடாது, பேக்கிங்குக்குப் போடுகிற தெர்மகோல் உருண்டைகளைக் கொண்டே வரக் கூடாது. பிளாஸ்டிக், பேட்டரி, கழிவு எண்ணெய் எல்லாம் தனித்தனி டிரம்மில் ஏறி, சுமார் 100 கி.மீ. தள்ளிப் பனித்தட்டு விளிம்பில் நிற்கிற கப்பலுக்குப் போகும். டீசல் ஊற்றும்போது அரை டம்ளர் சிந்தினால்கூட, நனைந்த பனியை மண்வெட்டியால் வழித்து டிரம்மில் போடணும். நானே வழித்திருக்கிறேன், கை விறைத்துவிடும்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நானும் அண்டார்க்டிகா போயிருக்கிறேன், ஆனால் நிலையத்தில் அதிகம் இருக்கவில்லை, பனிமேல் கூடாரம் போட்டுப் பத்து நாள். எங்கள் திடக்கழிவு முழுவதையும் நாங்களே பையில் கட்டித் திரும்பக் கொண்டுவந்தோம். சிறுநீர் கழிக்க ஓர் இடம் குறித்துக் கொடி நட்டிருந்தார்கள், எல்லோரும் அங்கேதான் போகணும், ஏனென்றால் குடிக்க உருக்குவதும் அதே பனிதான். முதல் நாள் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

*

நீங்கள் இருவரும் தெற்கைப் பற்றிச் சொன்னீர்கள், நான் போனது வடக்கே, ஆர்க்டிக்கில் இருக்கிற நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு. அங்கே யாரும் குப்பை போடாத கரையிலும் குப்பை கிடக்கிறது. பெரும்பாலும் மீன்பிடி வலை, கயிறு, மிதவை. கடல் நீரோட்டம் தெற்கிலிருந்து கொண்டுவந்து ஒதுக்குவது. கொம்பு வலையில் சிக்கிச் செத்துப்போகிற ரெயின்டீர்கள் உண்டு. ஒரு வலையை நாங்கள் நாலு பேர் இழுத்தோம், பாதி மணலுக்குள் உறைந்துபோயிருந்ததால் வரவே இல்லை, அறுத்து எடுத்ததை மட்டும் மூட்டை கட்டினோம். மிச்சம் அங்கேயேதான் இருக்கும், இன்னும் மனசு ஆறவில்லை.

*

மைத்ரியில் இருந்தவன்தான் மறுபடியும். ஸ்குவா என்கிற பெரிய கடற்பறவைக்கு மிச்சச் சாப்பாட்டைப் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு: சாப்பாட்டுக் கழிவு டிரம்மை மூடியே வைக்கணும் என்பதற்கு அதுதான் காரணம். நம் கோழி எலும்பிலிருந்து அதற்கு நோய் தொற்றிவிடக் கூடாது. மூடிமேல் வந்து உட்கார்ந்து நம்மையே பார்க்கும், பாவமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது.