சேர்வர் றெய்ட் கார்ட்டின் பற்றரி போய்விட்டது, மாற்றுவது எப்படி?

மில்லுக்கணக்கன் (பரந்தன்):

வணக்கம். ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வேறு ஆள் இல்லாததால் கொம்பியூட்டர் வேலையும் என் தலையில். ஆலையில் இருப்பது பழைய டெல் ஆர்710 சேர்வர். டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் றெய்ட் கார்ட் பெர்க் எச்700, நாலு டிஸ்க், றெய்ட் 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாத முறை).

இப்போது காலபோக அறுவடை. வாசலில் லொறியும் லான்ட்மாஸ்டருமாக வரிசை. முன்பெல்லாம் நெல்லை நிறுத்து பில் அடித்தால் உடனே சேமிக்கும். இரண்டு கிழமையாக ஒவ்வொரு பில்லுக்கும் ஏழெட்டு செக்கன் எடுக்கிறது. ஆனால் பழைய பில் ஒன்றைத் தேடினால் டக்கென்று வருகிறது. டிஸ்க் எல்லாவற்றிலும் பச்சை விளக்குத்தான். சேர்வரை நிறுத்திப் போட்டபோது பற்றரி பற்றி ஒரு எச்சரிக்கை வந்தது. டிஸ்க் பழுது, புதிது வாங்கு என்கிறார் முதலாளி. வாங்கவா?

வயரும்வாழ்வும் (வவுனியா):

தம்பி, டிஸ்க்கில் காசைப் போடாதீர்கள். வாசிக்க வேகம், எழுத மந்தம் என்று நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள்.

உங்கள் ஆலையையே எடுங்கள். லொறி வந்ததும் மூட்டையை முற்றத்தில் இறக்கி, துண்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். களஞ்சியத்தில் அடுக்குவது பிறகு. கார்ட்டில் உள்ள கேஷ் மெமரிதான் அந்த முற்றம். தரவு அங்கே இறங்கியதுமே "எழுதியாச்சு" என்று கார்ட் பதில் சொல்லிவிடும். இதுதான் ரைட் பேக். ஆனால் அந்த மெமரி கரண்ட் போனால் அழிந்துவிடும். அழியாமல் காக்கத்தான் சின்ன லித்தியம் பற்றரி. பற்றரி செத்ததும் கார்ட் தானாகவே ரைட் த்ரூவுக்கு மாறும். ஒவ்வொரு மூட்டையையும் களஞ்சியத்தில் அடுக்கி முடித்த பிறகுதான் துண்டு. றெய்ட் 5 என்றால் அதிலும் மோசம். சின்ன எழுத்து ஒன்றுக்குப் பழைய தரவையும் பாரிட்டியையும் (ஒரு டிஸ்க் போனால் தரவை மீட்க வைத்திருக்கும் கணக்கு) வாசித்து, இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். டிஸ்க்குக்கு நாலு வேலை.

அதாவது கார்ட் பழுதாகவில்லை. உங்கள் கணக்கைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது.

குறுக்குவழி (இன்னொரு வாசகர்):

கார்ட் செட்டிங்கில் "பற்றரி இல்லாவிட்டாலும் ரைட் பேக்" என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேகம் வந்துவிடும். எதற்குச் செலவு?

மில்லுக்கணக்கன்:

எங்களிடம் யூபிஎஸ் இருக்கிறது. அப்படியென்றால் போடலாம்தானே?

வயரும்வாழ்வும்:

போடாதீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி நாடு முழுக்க இருண்டதே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இதே செட்டிங்தான். யூபிஎஸ்ஸும் இருந்தது, அரை மணி நேரத்தில் அது படுத்தது. சேர்வரை ஒழுங்காக நிறுத்த அங்கே ஆளில்லை, ஞாயிற்றுக்கிழமை. திரும்பப் போட்டபோது கேஷில் இருந்த தரவு போய்விட்டது என்று செய்தி. டேட்டாபேஸ் திறக்கவில்லை. இரண்டு நாள் பில்லைக் கையால் திரும்ப அடித்தார்கள்.

யூபிஎஸ் லைன் கரண்ட் போவதை மட்டும்தான் தாங்கும். சேர்வரின் பவர் சப்ளை எரிந்தாலோ, கூட்டுகிறவர் கால் பட்டு வயர் கழன்றாலோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, சிலர் வேகத்துக்காக டிஸ்க்கின் சொந்தக் கேஷையும் திறந்துவிடுவார்கள். அதைக் கார்ட் பற்றரி காக்காது. அது மூடியே இருக்கட்டும்.

மில்லுக்கணக்கன்:

சரி அண்ணை, பற்றரியே வாங்குகிறேன். மாற்றும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வயரும்வாழ்வும்:

எச்700க்கு என்று கேட்டு வாங்குங்கள். 3.7 வோல்ட் என்று பழைய பற்றரியிலேயே இருக்கும். அதன் பார்ட் நம்பரைப் படம் எடுத்து அனுப்புங்கள், கனெக்டரையும் சேர்த்து. வோல்ட் ஒன்றாக இருந்தும் கனெக்டர் பொருந்தாமல் திரும்பி வந்த கதை என்னிடமே உண்டு.

வேலை செய்யும் நாளில் முதலில் பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பிறகு சேர்வரை முறைப்படி ஷட் டவுன் செய்யுங்கள். அப்போதுதான் கேஷில் உள்ளது டிஸ்க்குக்கு இறங்கும். இதில்தான் நிறையப் பேர் தவறு விடுகிறார்கள்: கரண்ட் போய்ச் சடாரென்று நின்ற சேர்வரை அப்படியே திறந்து பற்றரியைக் கழற்றுவது. அந்த நேரம் எழுதாத தரவு கேஷில் இருக்கலாம். பற்றரியில் கொஞ்சம் உயிர் இருந்து அதைத் தாங்கிக்கொண்டும் இருக்கலாம். அப்படி நின்றிருந்தால் முதலில் ஒருமுறை போட்டு முழுதாக எழும்ப விடுங்கள், பிறகு ஒழுங்காக நிறுத்துங்கள்.

ஆர்710க்கு இரண்டு பவர் சப்ளை, இரண்டு வயரையும் கழற்ற வேண்டும். பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்தி மிச்சக் கரண்டை இறக்குங்கள். கேஸின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். கார்ட்டில் இருந்து போகும் சின்னக் கேபிளைப் பிடித்துக்கொண்டு போனால் பற்றரி கிடைக்கும். கனெக்டரைப் பிடித்துக் கழற்றுங்கள், வயரை இழுக்காதீர்கள்.

மில்லுக்கணக்கன்:

கொழும்பில் ஒரு கடையில் சொல்லி பஸ்ஸில் எடுத்தேன். மாற்றியாச்சு. ஆனால் பில் இன்னும் மந்தம்தான்! ஓப்பன்மேனேஜில் (சேர்வரைக் கண்காணிக்கும் டெல் மென்பொருள்) பார்த்தால் சார்ஜிங் என்கிறது.

வயரும்வாழ்வும்:

பொறுங்கள். புதுப் பற்றரி அரைகுறைச் சார்ஜில்தான் வரும். போதுமான அளவு ஏறும்வரை கார்ட் ரைட் பேக்குக்குப் போகாது. ராத்திரி முழுக்க ஓட விட்டுக் காலையில் பாருங்கள்.

மில்லுக்கணக்கன்:

காலையில் பார்த்தேன், ஃபெயில்ட் என்று சிவப்பில். திரும்பக் கழற்றிப் பார்த்தபோதுதான் கவனித்தேன், அடியில் அச்சிட்ட தயாரிப்பு ஆண்டு 2013. "பாவிக்காத புதுச் சாமான்" என்று சொல்லித்தான் தந்தார்கள்.

வயரும்வாழ்வும்:

பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், பாவிக்காததுதான். லித்தியம் பற்றரி அலுமாரியில் இருந்தே கிழடாகும், தானாக வடிந்து வடிந்து மீளாத அளவுக்குப் போகும். புதுத் திகதி உள்ளதாகக் கேட்டு மாற்றுங்கள்.

மில்லுக்கணக்கன்:

சண்டை பிடித்து மாற்றினேன், இரண்டு நாள் போனது. நேற்றுப் பின்னேரம் போட்டேன், இன்று காலை ரைட் பேக். பில் அடித்துக் கை எடுக்க முதல் சேமிக்கிறது. முதலாளி இன்னும் டிஸ்க்கைத்தான் மாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் திருத்தவில்லை.

வயரும்வாழ்வும்:

நல்லது. ஏறத்தாழ 90 நாளுக்கு ஒருமுறை கார்ட் பற்றரியை இறக்கி ஏற்றித் தானே சோதிக்கும், லேர்ன் சைக்கிள் என்பார்கள். அந்த நேரம் சில மணித்தியாலம் மந்தமாகலாம், பயப்பட வேண்டாம். சிறுபோக அறுவடையில் வந்து விழுந்தால் ஓப்பன்மேனேஜில் ஏழு நாள் வரை தள்ளிப்போடலாம். சேர்வர் அறையில் சூட்டையும் குறையுங்கள், தகரக் கூரை என்றால் பற்றரிக்கு ஆயுள் இல்லை.

பழையது வீங்கியிருந்ததா?

மில்லுக்கணக்கன்:

ஆம் அண்ணை, வயிறு ஊதின மாதிரி. மில் பொடியன் குப்பையோடு கொண்டுபோனான்.

வயரும்வாழ்வும்:

எங்கே? உமி அடுப்புக்கா? வெடிக்கும் தம்பி, உடனே போய் எடுங்கள்! குத்தாமல், நசுக்காமல் முனையில் டேப் ஒட்டி, எரியும் சாமான் இல்லாத இடத்தில் வையுங்கள். பழைய பற்றரி எடுக்கும் ஆட்களிடம் கொடுக்கலாம்.

மில்லுக்கணக்கன்:

எடுத்தாச்சு. அடுப்புக்குப் பத்தடி தூரத்தில் உமிக் குவியலுக்கு மேலே கிடந்தது. இப்போது முற்றத்தில் மணல் வாளிக்குள்.