புதிதாகப் போட்ட கணப்பு, கீசர், சோலார்: சரியாக இருக்கிறதா என்று பார்த்த அனுபவங்கள், இலங்கை மலையகத்து ஊர்களிலிருந்து

கந்தப்பளையிலிருந்து

போன ஜனவரியில் நடந்தது, இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. பின்னறையில் அம்மாவுக்காகக் கணப்பு, அதாவது குளிர்காய சிம்னி வைத்த அடுப்பு, கட்டினோம். அவருக்கு மூச்சிழுப்பு, பனி மாதத்தில் இரவு முழுக்க உட்கார்ந்தே இருப்பார். வேலை முடிந்த அன்று பகல் 11 மணிக்கு மேசன் பாஸ் (கட்டின கொத்தனார்) ஒரு பேப்பரைக் கொளுத்திக் காட்டினார். புகை அப்படியே சிம்னிக்குள் ஏறியது. மிச்சக் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

இரவு மிலாறு (கவ்வாத்தில் வெட்டின தேயிலைக் கிளை விறகு) போட்டு மூட்டினோம். குளிருக்குப் பயந்து ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, கதவுக்கடியில் சாக்கையும் செருகினேன். அரை மணி நேரம் நன்றாக எரிந்தது. அப்புறம் நெருப்பு சோர்ந்துபோனது. பெரிய புகை இல்லை, கண் மட்டும் கரித்தது. மகள் மடியில் வந்து படுத்து, "தல வலிக்குதும்மா" என்றாள். வீட்டுப்பாடத்துக்குச் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

"கதவத் தொறடி" என்று அம்மா சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தேன். கதவைத் திறந்ததும், அறையில் மிதந்த புகை முழுக்க ஒரே பக்கமாகத் திரும்பி அடுப்புக்குள் ஓடியது. அணையப்போன நெருப்பு குப்பென்று எழுந்தது. நெருப்பு இழுத்துக்கொள்ளக் காற்று உள்ளே வர வழியே இருக்கவில்லை. பகலில் பேப்பர் கொளுத்தினபோது முன்கதவும் பின்கதவும் திறந்து கிடந்தன. பாஸ் மேல் பிழை சொல்ல மாட்டேன், கட்டின வேலை சுத்தம்.

ஹட்டனிலிருந்து

எங்கள் வீட்டில் கீசர். போட்டு 2 வாரம்தான். குளியலறைக் குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று தங்கச்சி சொன்னாள். ஈரக் கை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், மங்கலாக எரிந்தது. மெயினை நிறுத்திவிட்டுத் தெரிந்த வயரிங்கார அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்தேன்.

மூடியைக் கழற்றினார். பச்சை வயர், அதாவது எர்த், எதிலும் பூட்டப்படவில்லை. நுனியை மடித்து, டேப் சுற்றி, ஓரமாகச் செருகி வைத்திருந்தார்கள். மறந்துபோயிருந்தால் சும்மா தொங்கியிருக்கும். இதை ஒருவர் உட்கார்ந்து, நிதானமாக, தெரிந்தே செய்திருக்கிறார். அந்த டேப் சுற்றியிருந்த நேர்த்தி இன்னும் கண்ணில் நிற்கிறது.

கரண்டு கசிந்தால் தானாக நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை என்று கேட்டேன். எர்த் இல்லாவிட்டால் கசிகிற கரண்டுக்குப் போக்கிடம் இல்லை, ஆள் தொடும்போதுதான் ஆள் வழியாகப் போகும் என்றார். அது 30 மில்லி ஆம்பியர் கரண்டு கசிவதற்குள் விழுந்து ஆளைக் காப்பாற்ற வேண்டிய சுவிட்ச். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அமுக்கினார். விழவில்லை, உள்ளே இறுகிப்போயிருந்தது. வீடு கட்டியதிலிருந்து யாரும் அதை அமுக்கிப் பார்த்ததே இல்லை.

ராகலையிலிருந்து

கந்தப்பளை தங்கச்சி, பாஸ் மேல் பிழை இல்லை என்று நீங்கள் விடுவது சரியில்லை. கணப்பு கட்டுகிறவர்தான் காற்றுக்கு வழி வைக்க வேண்டும். பழைய பங்களாக்களில் பலகைத் தரை, இடுக்கு விழுந்த மர ஜன்னல், காற்று தானாக வந்துவிடும். இப்போது அலுமினியம் ஜன்னல், டைல்ஸ், சீலிங். அந்த அடுப்பை மட்டும் பார்த்துக் கட்டினால் எப்படி?

என் அனுபவம் சின்னது. எங்கள் கணப்பு எரியும்போது சீலிங்குக்கு மேலே ஏறி, சிம்னியை ஒட்டியிருந்த மரச்சட்டத்தில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. சட்டத்தை வெட்டி விலக்கினோம்.

கட்டப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சோதனையை இரவில் செய்யுங்கள், எல்லாம் சாத்தி, உண்மையான விறகு போட்டு, ஒரு மணி நேரமாவது. பாஸையும் கூடவே உட்கார வையுங்கள். அடுப்பு வாயின் மேல் விளிம்பில் ஊதுபத்தியைப் பிடியுங்கள், அதன் புகை உள்ளே போக வேண்டும். அறைப் பக்கம் திரும்பினால் காசு கொடுக்காதீர்கள். சிம்னி கூரையைத் துளைக்கிற இடத்திலிருந்து 3 அடி உயர வேண்டும். சுற்றி 10 அடிக்குள் எந்த முகடு இருந்தாலும் அதைவிட 2 அடி உயரம் வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகையைக் கீழே தள்ளும். புதிதாகக் கட்டினதில் ஈரம் இருக்கும், முதல் சில நாள் சின்ன நெருப்புத்தான். கவ்வாத்து வெட்டின கையோடு வருகிற பச்சை மிலாறை எரிக்கவே வேண்டாம், சிம்னிக்குள் தார் மாதிரிப் படிந்து பிறகு அதுவே தீப்பிடிக்கும். அப்புறம், தணலைச் சட்டியில் அள்ளி லயத்துக் காம்பராவுக்குள் (தோட்ட வீட்டு அறைக்குள்) வைத்துச் சாத்திப் படுக்கிற பழக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரே அறையில் இரண்டு பேருக்குச் சேர்ந்து தலை வலித்தால் காரணம் தேடாதீர்கள், வெளியே ஓடுங்கள்.

கந்தப்பளையிலிருந்து

ராகலை அண்ணே, ஊதுபத்தி நல்ல யோசனை, இன்றைக்கே பார்க்கிறேன். ஆனால் சாக்கைச் செருகினது நான். அதை பாஸ் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் 4 அங்குலக் குழாய் வைத்து வெளிக்காற்று வர வழி செய்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை.

நுவரெலியாவிலிருந்து

சோலார் சுடுதண்ணி பற்றி யாரும் எழுதவில்லை. எங்களுக்குப் பூட்டினவர்கள் பகல் 2 மணிக்குக் குழாயைத் திறந்து கையைப் பிடிக்கச் சொன்னார்கள். சுட்டது, கையெழுத்துப் போட்டேன். எங்களுக்குச் சுடுதண்ணி வேண்டியது விடிய 5 மணிக்கு. இந்த ஊர் 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி, பெப்ரவரியில் விடியும்போது புல் வெள்ளையாகிவிடும். அந்த நேரம் திறந்தால் பச்சைத் தண்ணி.

ஒரு மாதம் பொறுத்துவிட்டுக் கூரையில் ஏறினேன். தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற வளைவு வரைக்கும்தான் குழாய்க்குக் கறுப்பு உறை. அதற்கு அந்தப்பக்கம் வெறும் சாதாரண பிவிசி, அதுவும் வெயிலில் இளகி இரண்டு கிளிப்புக்கு நடுவில் பந்தலில் பாகற்கொடி மாதிரித் தொங்கியது. சாதாரண பிவிசி 60 பாகை செல்சியஸுக்கு மேல் தாங்காது, வெயில் நாளில் அந்தத் தொட்டித் தண்ணீர் அதைத் தாண்டிவிடும். சுடுதண்ணிக்கென்று வேறு குழாய் ஹாட்வெயார் கடையிலேயே இருக்கிறது. தெரிகிற இடத்துக்கு மட்டும் உறை போட்டிருந்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

லிந்துலையிலிருந்து

ஹட்டன் அண்ணே, ஒரு சந்தேகம். எங்கள் புதுக் கீசர் சூடாகும்போது அடியிலுள்ள சின்ன வால்வில் சொட்டியது. பூட்டினவரைக் கூப்பிட்டோம். வால்வின் வாயில் ஒரு மூடியை இறுக்கிவிட்டுப் போனார். இப்போது சொட்டவில்லை. சரிதானே?

ஹட்டனிலிருந்து

தம்பி, முதலில் சுவிட்சை நிறுத்துங்கள். தண்ணீர் சூடானால் விரியும், விரிகிறது வெளியே போகத்தான் அந்த வால்வு. அதை அடைத்தால் அழுத்தம் தொட்டிக்குள்ளேயே ஏறும், ஒரு நாள் வெடிக்கும். நன்றாக ஆறின பிறகு மூடியை எடுங்கள், வாயில் ஒரு குழாய் பூட்டி வெளியே விடுங்கள். எடுத்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், அதுவரை எனக்கு நிம்மதி இல்லை.

லிந்துலையிலிருந்து

எடுத்துவிட்டேன் அண்ணே. சொட்டுகிறது.