புதுப்பிப்பு: பந்தைப் பிடிக்க முடியாத மகளுக்கு போச்சியா சரிப்பட்டது

பெருமூளை வாதம் உள்ள என் 9 வயது மகள் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆட என்ன விளையாட்டு இருக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது போச்சியா யோசனைதான். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம், இலக்காகக் கிடக்கும் வெள்ளைப் பந்தை நோக்கிப் பந்துகளை உருட்ட வேண்டும், அதற்கு மிக அருகில் யார் பந்து நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. நாலு அங்குல பிவிசி பைப்பை நெடுக்காகப் பிளந்து பந்து உருண்டிறங்கச் சறுக்கு செய்தோம், அவள் முழங்கையால் தட்டிவிட்டால் போதும். முதலில் பந்துக்குப் பதிலாக வைத்த மணல் நிரப்பிய சாக்ஸ் பாதி வழியிலேயே உட்கார்ந்துகொண்டது. 275 கிராம் நிஜப் பந்து வாங்கியபிறகுதான் ஒழுங்காக உருண்டது.

எதிர்பாராதது: சறுக்கைப் பிடிப்பவர் ஆடுகளத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. அவள் "இன்னும் இடது பக்கம்" என்று அதட்ட, அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நகர்த்துகிறான். நேற்று எட்டிப் பார்த்தவனுக்கு அவுட் கொடுத்துவிட்டாள். போச்சியாவில் ஆளுக்கு அவுட் கொடுப்பதே கிடையாது!