மெர்லின் காட்டும் பெயரை ஈபேர்டில் ஏற்றலாமா?

ஏரிக்கரை:
பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் முதல் தடவை சேரப்போகிறவர்கள் போனில் இரண்டே செயலிகளை நிறுவினால் போதும்: மெர்லின், ஈபேர்ட். இரண்டும் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்துடையவை. காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. என்ன பறவை என்று கண்டுபிடிக்க மெர்லின். பார்த்ததை எண்ணிக்கையோடு பதிய ஈபேர்ட்.

மெர்லினை வீட்டில் வைஃபை இருக்கும்போதே நிறுவி, நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பையும் சேர்த்து இறக்கிவிடுங்கள். பல நூறு எம்பி வரும். ஏரிக்கரையில் சிக்னல் இல்லாவிட்டாலும் பிறகு கவலையில்லை. இருப்பிட அனுமதியை மறுக்காதீர்கள். இடமும் தேதியும் தெரிந்தால்தான் அந்த மாதத்தில் அந்த ஊரில் வர வாய்ப்புள்ள பறவைகளை அது முன்னால் நிறுத்தும்.

பறவையைக் கண்ணால் பார்த்திருந்தால் ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். எங்கே, எப்போது, எவ்வளவு பெரியது, முக்கியமான நிறங்கள் எவை (மூன்று வரை), என்ன செய்துகொண்டிருந்தது. படம் எடுத்திருந்தால் பறவை சட்டம் நிறையும்வரை பெரிதாக்கிக் கொடுங்கள். வானமும் கிளையும் முக்கால்வாசி இருக்கும் படத்தைக் கொடுத்துவிட்டுத் தப்பான பெயர் வருகிறது என்று வருந்துவதில் பயனில்லை.

மூன்றாவது வழி ஒலி. மைக்கை ஓடவிட்டு ஒரு நிமிடம் நின்றால் ஏழெட்டுப் பெயர்கள் வரிசையாக விழும். அந்த வரிசையை அப்படியே ஈபேர்ட் பட்டியலில் ஏற்றாதீர்கள். பறவையைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அந்தக் குரல் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஈபேர்ட் நடத்துபவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

தும்பி:
கடைசிப் பத்தியில எனக்கு உடன்பாடு இல்லைங்க. "பார்த்திருக்கணும்"னு சொல்லிச் சொல்லியே புதுசா வர்றவங்களை வாசல்லயே நிறுத்திடறோம்.

பக்கிக்குருவியை எடுத்துக்கோங்க. ராத்திரி டார்ச் வெளிச்சத்துல ரோட்டோரம் உக்காந்திருக்கறதைப் பார்த்து எது எந்தப் பக்கின்னு எத்தனை பேரால உறுதியாச் சொல்ல முடியும்? எல்லாமே சருகு நிறம். குரலைக் கேட்டா உடனே தெரியும். "சக் சக் சக்"னு தொடங்கி வேகம் பிடிச்சு உருண்டு முடிஞ்சா சின்னப் பக்கி. குளிர்காலத்துல வர்ற கதிர்க்குருவிகளும் அப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் ஒண்ணுபோலவே இருக்கற ரெண்டு வகை வருது, உச்சிக்கிளையில ரெண்டும் ஒரே பச்சைப்புள்ளி. ஒண்ணு ரெண்டு அசையில கூப்பிடும், இன்னொண்ணு மூணு அசையில. இங்கெல்லாம் கண்ணை விடக் காதுதான் நம்பகமான சாட்சி. அந்தக் காதுக்கு மெர்லின் துணை நிக்குது. அதை எதுக்குங்க ரெண்டாந்தரமாப் பார்க்கணும்?

நாணல்காடு:
காதை யாரும் குறைத்துச் சொல்லவில்லை, தும்பி. கேட்டது யாருடைய காது என்பதுதான் கேள்வி. இரண்டு அசை, மூன்று அசை என்று நீங்கள் எண்ணினால் அது உங்கள் பதிவு. திரையில் பெயர் விழுந்ததை மட்டும் பார்த்து ஏற்றினால் அது மெர்லினின் பதிவு. ஈபேர்டில் அதற்கு இடமில்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். 2023-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் ஈபேர்டில் ஏற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. இதற்கு அடிப்படை, நூறு முழுமையான பட்டியல்களில் (அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிய பட்டியல்களில்) ஒரு பறவை எத்தனை பட்டியல்களில் இருக்கிறது என்ற கணக்கு.

தையல்சிட்டு போன்ற குரல் உரத்த பறவையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடங்களுக்கு முன் புதியவர் ஒருவர் அதைக் கேட்டும் கவனிக்காமல் விட்டிருப்பார். இன்று மெர்லின் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. பறவை ஒன்றுகூடக் கூடவில்லை, பட்டியலில் அதன் விகிதம் மட்டும் ஏறுகிறது. அதே நேரத்தில் குரலே காட்டாத ஒரு பறவை குறைந்துகொண்டே வந்தாலும், பட்டியலின் மொத்த நீளம் வீங்கியிருப்பதால் ஒப்பீடு கோணலாகிவிடும்.

அரிதான பறவையைத் தப்பாகப் போட்டால் பெரிய சேதம் இல்லை. ஈபேர்டின் வடிகட்டி அதை நிறுத்திக் குறிப்பு கேட்கும், அந்தப் பகுதியின் தன்னார்வச் சரிபார்ப்பாளர் கண்ணிலும் படும். சாதாரணப் பறவையைத் தப்பாகப் போட்டால் எந்த மணியும் அடிக்காது. அந்த ஊரில் இருக்கக்கூடிய பறவைதானே என்று உள்ளே போய்விடும். எனக்குக் கவலை இந்த இரண்டாவது வகைப் பிழையில்தான்.

தும்பி:
விகிதம் மாறும்ங்கறது சரி. ஆனா பைனாக்குலர் விலை குறைஞ்சப்பவும் மாறிச்சு, பெரிய லென்ஸ் கேமரா வந்தப்பவும் மாறிச்சு. அப்பல்லாம் கருவியை ஒதுக்கி வைக்கலையே? தையல்சிட்டு அங்க இருந்தது உண்மைன்னா அது பட்டியல்ல இருக்கணும். முன்னாடி விட்டுப்போனதுதான் பிழை, இப்போ சேர்றது பிழை இல்லை.

நாணல்காடு:
பைனாக்குலர் பெயர் சொல்லாது. பெரிதாக்கிக் காட்டும், பெயரை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒலிவரி:
பெயர் எப்படி வருகிறது என்று தெரிந்தால் எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்பதும் தெரியும்.

மெர்லின் நம்மைப்போல ஒலியைக் "கேட்பதில்லை". ஒலியை ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படமாக மாற்றி, அந்தப் படத்தில் உள்ள வடிவத்தை, தனக்குக் கற்பித்த வடிவங்களோடு ஒப்பிடுகிறது. குறுக்கே நேரம், நெடுக்கே சுருதி. செம்மார்புக் குக்குறுவானின் "டுக் டுக் டுக்" படத்தின் அடிப்பகுதியில், ஒரே உயரத்தில், சம இடைவெளியில் வைத்த புள்ளி வரிசையாகத் தெரியும். குயில் கூவுவது படிப்படியாக மேலேறும் சாய்கோடுகள். மாம்பழச் சிட்டின் நீண்ட விசில் ஒரு கிடைக்கோடு, கடைசியில் சட்டென்று விழும். ஒரு வாரம் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டால் இந்த வடிவங்கள் மனத்தில் பதிந்துவிடும். கற்பதற்கு இதைவிட நல்ல கருவி இன்று இல்லை. இதில் நான் தும்பி பக்கம்.

தவறுவது எங்கே என்றால், முதலில் போலிக்குரல். கரிச்சான் வல்லூறு போலவே கத்தும். மைனாக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டு இரையைப் பறிக்கத்தான் அப்படிக் கத்துகிறது என்று சொல்வதுண்டு. காட்டுப்பக்கம் துடுப்புவால் கரிச்சான் வேறு பல பறவைகளின் குரலை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிடும். இலைச்சிட்டுகளும் இதில் தேர்ந்தவை. ஒரே பறவை கத்தினாலும் திரையில் ஐந்து பெயர்கள் வரலாம். பெயர்கள் எல்லாம் ஒரே மரத்தின் ஒரே கிளையிலிருந்து, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று வந்தால் முதலில் கரிச்சானைத் தேடுங்கள்.

அணிலும் ஏமாற்றும். கூர்மையான "சிப் சிப்" படத்தில் செங்குத்துக் கீற்றுகளாக விழும்போது, அதுபோலக் கத்தும் சின்னப் பறவையின் பெயர் வர வாய்ப்பு உண்டு. சில்வண்டு இருந்தால் படத்தின் மேற்பகுதி முழுக்க ஒரு பட்டையாக அடைத்துக்கொள்ளும். மெல்லிய, உயர்ந்த குரல்கள் அதற்குள் மறைந்துபோகும். பம்புசெட், காற்று, மார்கழி விடியலில் ஒலிபெருக்கி, இவை அடிப்பகுதியை அடைக்கும். செம்போத்தின் "கூப் கூப்" அங்கேதான் இருக்கிறது.

பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வந்தால், அந்த இடத்தில் அந்த நாளில் அது அரிது என்று பொருள். அதைக் கண்டதும் மகிழ்ச்சியில் ஏற்றிவிடாமல் இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும்.

புதுக்கண்:
ரொம்ப அடிப்படைக் கேள்வி, மன்னிக்கவும். ஈபேர்டில் பட்டியலை முடிக்கும்போது "முழுமையான பட்டியலா?" என்று கேட்கிறதே. எனக்குக் காக்கா, மைனா, தவிட்டுக்குருவி, பச்சைக்கிளி என்று பதினைந்துதான் தெரியும். ஆம் என்று போடலாமா? மெர்லின் சொன்ன மீதிப் பத்தைச் சேர்க்காவிட்டால் அது முழுமை இல்லைதானே?

ஏரிக்கரை:
தாராளமாக ஆம் போடுங்கள். "உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா" என்பதுதான் அங்கே கேள்வி. பதினைந்து தெரிந்து பதினைந்தையும் எழுதினால் அது முழுமை. காக்கா எதற்கு என்று விட்டுவிட்டால்தான் முழுமை போய்விடும்.

கதிர்க்குருவி என்று மட்டும் தெரிகிறது, எது என்று தெரியவில்லை என்றால் "கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை" என்ற பதிவு ஈபேர்டிலேயே இருக்கிறது. இரண்டில் ஒன்று என்று சாய்கோடு போட்ட பதிவுகளும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று பதிவதும் நல்ல பதிவுதான்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு வெறும் எக்ஸ் போடாதீர்கள், தோராயமாகவாவது ஒரு எண் கொடுங்கள். ஒவ்வொரு பட்டியலும் குறைந்தது 15 நிமிடங்கள். ஒரே இடத்தில் நின்றால் நிலையான பட்டியல். நடந்தால் பயணப் பட்டியல், அதற்கு, நடந்த வழியைக் குறித்துக்கொள்ளும் பாதைப் பதிவை ஈபேர்டில் ஓடவிட வேண்டும். பாதி வழியில் பாதை அறுந்துபோவதாகப் பலர் சொல்வது பெரும்பாலும் போனின் பேட்டரி சேமிப்பால்தான். செட்டிங்கில் ஈபேர்டுக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

தும்பி:
புதுக்கண், நீங்க கேட்டதுலயே என் பதில் இருக்கு. மெர்லின் சொன்ன மீதிப் பத்து இருக்கே, அதை விட்டுடாதீங்க. ரெக்கார்டிங்கை நிறுத்தினதும் ஒவ்வொரு பேரையும் தொடுங்க. உங்க பதிவுல அந்தக் குரல் வந்த இடத்துக்கே அது கூட்டிட்டுப் போகும். கேளுங்க. அப்புறம் மெர்லின்ல இருக்கற மாதிரிக் குரலைக் கேளுங்க. ரெண்டும் ஒத்துப்போனா குரல் வந்த திசையில நடந்து பறவையைத் தேடுங்க. பத்துல நாலு பிடிபடும். அந்த நாலு இனி உங்களுக்குத் தெரிஞ்ச பறவை. பதினைஞ்சு பத்தொன்பது ஆயிடுச்சு. இதுக்குத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து வாதாடறேன்.

நாணல்காடு:
நீங்கள் இப்போது சொன்ன முறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான்கை ஏற்றலாம். மீதி ஆறை ஏற்றக் கூடாது. அதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

தும்பி:
ஆறுல பக்கி இருந்து, குரல் ரெண்டும் அச்சு அசலா ஒத்துப்போச்சுன்னா? பார்க்காமலே ஏத்துவேன். குறிப்புல "ஒலி மட்டும்"னு எழுதி ஆடியோவையும் சேர்த்துடுவேன். சந்தேகப்படறவங்க கேட்டுப் பார்த்துக்கலாம்.

நாணல்காடு:
ஆடியோ சேர்த்தால் சரி. அப்போது சாட்சி மெர்லின் அல்ல, பதிவு. ஆனால் ஒரு நிபந்தனை: பட்டியல் ஓடும் 15 நிமிடமும் போன் சட்டைப்பையில் இருக்கட்டும். மைக்கை ஓடவிட்டபடி பட்டியல் எடுப்பவர் பெயர் மின்னும்போதெல்லாம் திரையைப் பார்க்கிறார். தண்ணீரோரம் சத்தமில்லாமல் நிற்கும் குருட்டுக்கொக்கு அவர் கண்ணில் படுவதே இல்லை. குரலுள்ளவை கூடுவதோடு, குரலற்றவை விடுபடவும் செய்கின்றன.

தும்பி:
அந்த நிபந்தனைக்கு நான் ஒத்துக்க மாட்டேன். போனைக் கீழ ஒரு கல்லு மேல வெச்சுட்டுக் கண்ணை ஏரிமேல வைக்கலாமே. பட்டியல் முடிஞ்ச பிறகு கேட்டா போதும்.

ஒலிவரி:
கல்லின் மேல் வைப்பது பதிவுக்கும் நல்லது. கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தமும் சட்டை உரசும் சத்தமும் சேர்ந்துவிடும். பெரும்பாலான போன்களில் முதன்மை மைக் கீழ் விளிம்பில் சார்ஜ் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த விளிம்பு பறவை இருக்கும் பக்கம் பார்க்கட்டும், உறை அதை மூடாமல் இருக்கட்டும். காற்றடித்தால் உங்கள் உடம்பையே தடுப்பாக்கி நில்லுங்கள்.

சேர்க்கும் ஆடியோ, சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவே இருக்கட்டும். எம்பி3 ஆக்கினால் சுருக்கத்தில் நுண்விவரம் போய்விடும். மோனோ வேவ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி பிடிக்கும், அதனால் 15 நிமிடத்தையும் ஏற்ற வேண்டாம். ஒலி திருத்தும் செயலியில், குரலுக்கு முன்னும் பின்னும் மூன்று நொடி விட்டு வெட்டுங்கள். உச்ச ஒலி மைனஸ் 3 டெசிபல் வரும்படி உயர்த்துங்கள். இரைச்சல் நீக்கியைத் தொடவே வேண்டாம், அது இரைச்சலோடு குரலையும் தின்றுவிடும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். தும்பி சொன்ன மாதிரிக் குரலை ஹெட்போனில் மட்டும் கேளுங்கள். ஸ்பீக்கரில் போட்டால் அந்தப் பறவை தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டதாக நினைத்து, தீனியையும் குஞ்சையும் விட்டுவிட்டு ஓடிவரும். ஒரே இடத்துக்குப் பத்துப் பேர் வந்து பத்துத் தடவை போட்டால் அது நாள் முழுக்க இல்லாத எதிரியை விரட்டிக்கொண்டிருக்கும். கூடவே, ஸ்பீக்கரில் போட்ட குரலைப் பக்கத்தில் நிற்பவரின் மெர்லின் பிடித்து, அவர் பட்டியலிலும் அந்தப் பெயர் ஏறிவிடும்.

புதுக்கண்:
ஹெட்போன் எடுத்துக்கொள்கிறேன். சமதளத்துக் குக்குறுவானும் மலையடிவாரத்துக் குக்குறுவானும் "குட்ரூ குட்ரூ" என்று ஒரே மாதிரி கத்துகின்றனவே, கோயம்புத்தூர்ப் பக்கம் இரண்டும் உண்டாமே. மெர்லின் ஒன்றின் பெயரைச் சொன்னால் ஏற்றலாமா?

நாணல்காடு:
அந்த இரண்டையும் குரலால் மட்டும் ஏற்றாதீர்கள். அத்தி, ஆல் பழுத்திருக்கும் மரத்தடியில் பத்து நிமிடம் நில்லுங்கள், வெளியே வரும். கன்னத்தில் பளிச்சென்று வெள்ளை இருந்தால் வெண்கன்னக் குக்குறுவான், நீங்கள் சொன்ன மலையடிவாரத்தது. தலையும் மார்பும் பழுப்பாக, கண்ணைச் சுற்றி ஆரஞ்சுத் தோல் தெரிந்தால் பழுப்புத்தலைக் குக்குறுவான், சமதளத்தது.

தும்பி:
இதுல நாணல்காடு சொல்றதைக் கேளுங்க, புதுக்கண்.