ஒரே அமுக்கில் மூன்று ரிமோட்டும் போச்சு: கேட் மோட்டார் அனுபவங்கள்

கன்னங்குறிச்சிக்காரன்

போன ஞாயிற்றுக்கிழமை நான் பண்ணிய கூத்தைச் சொல்கிறேன், சிரித்துவிட்டு உங்கள் கதையையும் எழுதுங்கள். எங்கள் சேலம் வீட்டில் 14 அடி ஸ்லைடிங் கேட், மோட்டார் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. மொத்தம் 4 ரிமோட். என்னுடையது மூக்கனேரிப் பக்கம் காலையில் நடக்கப் போனபோது எங்கேயோ விழுந்துவிட்டது. சரி, ஆன்லைனில் ஒன்று வாங்கி நாமே சேர்த்துக்கொள்ளலாம், இதற்குப் போய் ஆளைக் கூப்பிட்டு 600 ரூபாய் தருவதா என்று ஒரு வீம்பு.

மோட்டார் மூடியைக் கழற்றினால் போர்டில் ஒரு குட்டிப் பட்டன், பக்கத்தில் சிவப்பு விளக்கு. பட்டனைத் தட்டினால் விளக்கு எரியும், உடனே புது ரிமோட்டை அமுக்க வேண்டும், விளக்கு மினுக்கி அணைந்தால் சேர்ந்துவிட்டது. வீடியோவில் இவ்வளவுதான் காட்டினார்கள். நான் என்ன செய்தேன், பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன், விளக்கு எரிந்தது, அப்புறம் வேகமாக மினுக்கியது, அப்புறம் அணைந்தது, ஆஹா முடிந்தது என்று எழுந்து புது ரிமோட்டை அமுக்கினால் கேட் அசையவில்லை. மனைவியின் ரிமோட்டுக்கும் அசையவில்லை. வண்டியில் கிடந்ததற்கும் இல்லை. மெமரி மொத்தமும் காலி.

அந்த நேரம் பார்த்து ஓமலூரிலிருந்து அத்தை வந்து இறங்கினார், கையில் ஒரு பை மாம்பழம். அவர் வெளியே, நாங்கள் உள்ளே. ஆள் நுழைகிற சின்னக் கதவு எங்கள் கேட்டில் கிடையாது, அழகு கெட்டுவிடும் என்று வேண்டாமென்றவன் நான்தான். கையால் தள்ளலாம் என்றால் கியர் பிடித்துக்கொள்கிறது. கியரை விடுவிக்க ஒரு சாவி கொடுத்திருந்தார்கள், அதை வீடு முழுக்கத் தேடிக் கடைசியில் பூஜை அலமாரியில் விபூதி டப்பாவுக்குள் கண்டுபிடித்தோம். இருபது நிமிஷம் வெயிலில் நின்ற அத்தை உள்ளே வந்ததும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஏனுங்க மாப்பிள்ளை, பழைய கேட்டே நல்லாத்தானுங்களே இருந்துச்சு?"

பழைய ரிமோட் மூன்றையும் திரும்பச் சேர்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. புதிதாக வாங்கியது மட்டும் எவ்வளவு மல்லுக்கட்டினாலும் சேரவில்லை. யாருக்காவது காரணம் தெரியுமா?

செவ்வாப்பேட்டைப் பட்டறை

உங்களுக்குத் திறக்கவில்லை, எனக்குத் தானாகத் திறந்தது. கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், முன்னால் ரோலிங் ஷட்டருக்கு மோட்டார். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் ஷட்டர் இடுப்பு உயரத்துக்கு ஏறி நிற்கிறது. உள்ளே வெள்ளி. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எடை போட்டுப் பார்த்தோம், ஒரு கிராம் குறையவில்லை. பையன்கள்தான் ராத்திரி சரியாக இறக்காமல் போய்விட்டார்கள் என்று அவர்களைத் திட்டித் தீர்த்தேன், பாவம்.

பத்து நாள் கழித்து நான் என் ஷட்டரை ஏற்ற ரிமோட்டை அமுக்கினால் எதிர்ச் சந்தில் இருக்கிற குடோனின் ஷட்டரும் கூடவே ஏறுகிறது! அந்தக் குடோன்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார். இரண்டு பேருக்கும் மோட்டார் போட்டது ஒரே ஆள். ரிமோட்டைப் பிரித்தால் உள்ளே அரிசி மணி மாதிரி வரிசையாக 8 சுவிட்ச், எல்லாம் கீழ்ப்பக்கம். அவருடையதிலும் அப்படியே. கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் நாலைந்தை மேலே தள்ளி, ஷட்டர் பெட்டிக்குள் இருக்கும் ரிசீவரிலும் அதே வரிசைக்கு மாற்றினேன், அதோடு நின்றது. பையன்களுக்கு அன்றைக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துச் சமாதானம்.

ஷட்டர் மெக்கானிக், குகை

பட்டறைக்காரரே, நின்றுவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். 8 சுவிட்ச் என்றால் மொத்தமே 256 வரிசைதான். அது போதாதென்று, அந்த வகை ரிமோட் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டைத்தான் அனுப்பும். கடையில் காப்பி ரிமோட் என்று விற்கிறார்கள், அதை உங்கள் ரிமோட்டுக்கு முகத்தோடு முகம் வைத்து அமுக்கினால் சில விநாடியில் நகல் தயார். சந்தில் வீட்டு பைக் ஷெட்டுக்கு அது போதும். வெள்ளி வைத்திருக்கிற இடத்துக்கு நான் போட மாட்டேன். ரோலிங் கோடு (குறியீடு மாறிக்கொண்டே இருக்கும் வகை) ரிசீவர் தனியாகக் கிடைக்கிறது, கரண்டுக்கு இரண்டு ஒயர், மோட்டாரின் சுவிட்ச் முனைகளுக்குப் போகிற ஒயர்கள், அவ்வளவுதான் வேலை. மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. இன்னொன்று, பயந்துபோய்ச் சைடு லாக் போட்டீர்களானால் காலையில் அதை எடுத்துவிட்டுத்தான் ரிமோட்டைத் தொட வேண்டும், மறந்து அமுக்கினால் பட்டைகள் வளைந்துவிடும். மாதத்துக்கு ஒரு ஷட்டராவது இப்படி வருகிறது எனக்கு.

கன்னங்குறிச்சி அண்ணா, உங்கள் போர்டு ரோலிங் கோடு வகையாக இருக்கும். அதில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் குறியீடு மாறும், அடுத்து எது வர வேண்டும் என்று போர்டு கணக்கு வைத்திருக்கும். நீங்கள் வாங்கியது 433 என்று பார்த்து வாங்கியது தானே? 433.92 மெகாஹெர்ட்ஸ் என்பது இரண்டுக்கும் பாதை ஒன்று என்று மட்டும்தான் சொல்லும், பேசுகிற பாஷை வேறு. போர்டு எந்த கம்பெனியோ அதற்கான ரிமோட்டை அதே மாடல் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் உங்கள் கூத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. ஏரிக்கரையில் விழுந்த ரிமோட் யார் கையில் இருக்கிறதோ, அதுவும் ஞாயிற்றுக்கிழமை வரை உங்கள் கேட்டைத் திறந்திருக்கும். பல போர்டுகளில் ஒரு ரிமோட்டை மட்டும் நீக்க வழி கிடையாது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு இருப்பதைத் திரும்பச் சேர்ப்பதுதான் முறை. நானாக இருந்தால் இதற்குக் காசு வாங்கியிருப்பேன். ஆமாம், உள்ளே ஒரு பெல் சுவிட்ச் இழுத்து வைக்கவில்லையா? அதற்கு மெமரி எதுவும் வேண்டாம், அத்தை நின்றிருக்க மாட்டார்.

ஐந்து ரோடு

என் கேட், காரை அதன்மேல் முட்டுகிற அளவுக்குக் கிட்டே கொண்டுபோனால்தான் திறந்தது. செல் மாற்றினேன் (குட்டியான 12 வோல்ட் செல், 27ஏ என்று கேட்க வேண்டும்), பலனில்லை. பார்த்தால் ரிசீவரின் ஆன்டெனா ஒயரைச் சுருட்டித் தகரப் பெட்டிக்குள்ளேயே திணித்திருக்கிறார்கள். 17 சென்டிமீட்டர் ஒயர், வெளியே எடுத்து நேராக நிறுத்தினேன். இப்போது தெருமுனையிலிருந்தே திறக்கிறது.

ஏற்காட்டிலிருந்து

இங்கே கதையே வேறு. நான் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். கேட்டுக்கு உள்ளே பாதை மேடாக ஏறுகிறது, உள்பக்கம் திறக்கிற இரட்டைக் கதவு தரையில் இடிக்கும் என்று ஸ்லைடிங்தான் போட்டார்கள். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி முதலாளி கீழிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து நிற்கிறார், கேட் மூடமாட்டேன் என்கிறது. பாதி போகிறது, திரும்ப ஓடித் திறந்துகொள்கிறது. ரிமோட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, இரண்டு ரிமோட்டையும் அழித்து மறுபடி சேர்த்து, செல் மாற்றி, ஒரு மணி நேரம் மழையில். கடைசியில் பார்த்தால் கேட்டின் இரண்டு பக்கமும் எதிரெதிரே இருக்கும் சென்சாரில் ஒன்றின் கண்ணாடியில் சிலந்தி வலை, வலை முழுக்கப் பனித்துளி. ஏதோ குறுக்கே நிற்கிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. வேட்டி நுனியால் துடைத்தேன், மூடிக்கொண்டது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது.

அப்புறம் சித்திரையில் கோடை இடி ஒன்று விழுந்து போர்டே கருகியது. புதுப் போர்டு வந்தால் மெமரியும் புதிது, எல்லா ரிமோட்டையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். இப்போதெல்லாம் மேற்கே இருட்டினாலே கேட் லைனின் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, சாவியால் கியரை விடுவித்துக் கையால்தான் தள்ளுகிறோம். காட்டெருமை வருகிற இடம், திறந்து போடவும் முடியாது.

கோவையில் படிக்கிற சேலத்துப் பெண்

ஏற்காட்டு மாமா சொன்னதைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. விடுதியில் படிக்கும்போது கையில் ஏதாவது உருட்டுகிற பழக்கம், சாவிக்கொத்தில் இருந்த ரிமோட்டை நூறு தடவையாவது சும்மா அமுக்கியிருப்பேன். சேலம் வந்து அமுக்கினால் கேட் அசையவில்லை. கெட்டுவிட்டதோ என்று இன்னொரு முறை அமுக்கினேன், திறந்துவிட்டது. ஏன்?

ஷட்டர் மெக்கானிக், குகை

நீ அங்கே அமுக்கினதில் ரிமோட்டின் எண்ணிக்கை முன்னால் ஓடிவிட்டதம்மா, போர்டு இங்கே பின்தங்கி நிற்கிறது. அடுத்தடுத்து இரண்டு குறியீடு சரியாக வந்தால் அது பிடித்துக்கொள்ளும். ரொம்பத் தூரம் ஓடிவிட்டால் மறுபடி சேர்க்கத்தான் வேண்டும். வேறு எதையாவது உருட்டு.

கன்னங்குறிச்சிக்காரன்

அந்தப் போர்டுக்கான ரிமோட்டே வாங்கி வந்துவிட்டேன், பட்டனை ஒரே ஒரு தட்டு, சேர்ந்துவிட்டது. பெல் சுவிட்ச் நாளைக்கு. சாவி இப்போது விபூதி டப்பாவில் இல்லை, அத்தைக்கும் இடம் காட்டியாயிற்று. எங்கே என்று மட்டும் இங்கே எழுத மாட்டேன்.