சான் ஹோசே: டிசம்பரில் பழுத்துப்போன புல்தரையும் இலை உதிர்க்கும் கறிவேப்பிலையும்

கேள்வி (சான் ஹோசே, கலிபோர்னியா)

வணக்கம். இந்தக் கோடையில் நாங்கள் குடிவந்த வீட்டின் முன்புறப் புல்தரை நவம்பர் கடைசியிலிருந்து வைக்கோல் நிறமாகி, உயிரே இல்லாததுபோல் கிடக்கிறது. பின்புறத்துப் புல்லோ அதே தண்ணீரில் பச்சைப்பசேலென்று இருக்கிறது. முன்புறத்துக்கு உரமிட்டு நீரைக் கூட்டுவதா, குளிர்காலத்தில் பச்சையாக வளரும் ரை புல் விதையைத் தூவுவதா என்று வீட்டில் விவாதம் நடக்கிறது. தொட்டியிலுள்ள கறிவேப்பிலையும் மஞ்சளாகி இலை உதிர்க்கிறது. உறைபனி இரவுகளில் அதையும், தரையில் நட்டிருக்கும் எலுமிச்சையையும், குண்டுமல்லித் தொட்டியையும் எவ்வாறு காப்பது என்றும் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி (ஃப்ரீமான்ட்)

முன்புறம் இருப்பது பெர்முடா, அதாவது ஊரில் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான். மண்ணின் வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கும்போது அது நிறம் இழந்து உறங்கப் போய்விடும். வசந்தத்தில் மண் சூடேறியதும் தானே துளிர்க்கும். பின்புறம் இருப்பது பெரும்பாலும் டால் ஃபெஸ்க்யூ என்ற குளிர்காலப் புல்லாக இருக்கும். ஐயம் இருந்தால், தரையோடு படர்ந்திருக்கும் ஒரு கொடித்தண்டைப் பிடுங்கி, கணுவுக்கு அருகில் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாகவும் இறுக்கமாகவும் ஈரப்பசையோடும் இருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. விரலிடையில் பொடிந்து போனால் மட்டுமே அந்தப் பகுதி பட்டுவிட்டதாகக் கொள்ளலாம்.

உறங்கும் பெர்முடாவுக்கு இப்போது உரம் வேண்டாம். போட்டால் அதைத் தின்று வளர்வது களையாகத்தான் இருக்கும், எஞ்சியது மழையோடு சாக்கடைக்குப் போகும். ஃபெஸ்க்யூவை இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமல், புல் ஈரமில்லாத நாளில் வெட்டுங்கள். அதன்மேல் விழும் சருகுகளை நாள்கணக்கில் கிடக்க விடாதீர்கள். தானியங்கி நீர்ப்பாய்ச்சும் கருவியை மழை தொடங்கியதுமே நிறுத்திவிடுவது நல்லது. மழைக்குப் பின் 48 மணி நேரம் வரை புல்லுக்கு நீர் விடக்கூடாது என்பது இந்த மாநிலத்தின் பல ஊர்களில் விதியாகவே இருக்கிறது. மூன்று வாரம் போல மழையே இல்லாமல் போனால் மட்டும் ஒருமுறை ஆழமாக நனைத்தால் போதும்.

மறுமொழி (சன்னிவேல்)

ரை புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஆண்டுதோறும் பெர்முடாவின் மேல் தூவுபவன் என்ற முறையில், குளிர்காலம் முழுவதும் தரை அழகாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அது மண்ணில் சூடு மிச்சமிருக்கும் அக்டோபர் வேலை. டிசம்பரில் தூவினால் முளைப்பு மிகவும் தாமதமாகும், அதற்குள் பாதி விதை பறவைகளுக்குப் போய்விடும். மேலும், ஏப்ரலில் பெர்முடா விழித்தெழும்போது அதன் வெயிலையும் நீரையும் ரை புல் பங்கு போட்டுக்கொள்ளும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு வைக்கோல் நிறத்தோடு இருந்துவிடுவதே உசிதம்.

மறுமொழி (மில்பிடாஸ்)

கறிவேப்பிலைக்கு வருகிறேன். இரவுகள் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி வரத் தொடங்கினால் அது வளர்ச்சியை நிறுத்தி இலையை உதிர்ப்பது இயல்பு. குளிர்ந்த மண்ணில் வேர் இரும்புச்சத்தைச் சரியாக உறிஞ்ச முடியாததாலும் இலை வெளுக்கும். உரமிட்டு அதைச் சரிசெய்ய இயலாது. இங்கே குளிரைவிட ஈரத்தால் அழுகிய கறிவேப்பிலைச் செடிகளே அதிகம் என்பது என் எண்ணம். தொட்டி மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, அங்கேயும் உலர்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். அதையும் குண்டுமல்லியையும் தெற்கு பார்த்த சுவரோரமாக, கூரை விளிம்புக்குக் கீழே நகர்த்தி வையுங்கள். தட்டில் நீர் தேங்கக் கூடாது.

உறைபனி இங்கே பெரும்பாலும் மேகமில்லாத, காற்று அசையாத இரவுகளில்தான் இறங்கும். அப்படி ஓர் இரவு வருகிறதென்றால், எலுமிச்சையின் அடிமண் காய்ந்திருந்தால் பகலிலேயே நனைத்துவிடுங்கள், ஏனெனில் ஈர மண் உலர்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் வெளிவிடும். பிறகு உறைபனித் துணியையோ பழைய போர்வையையோ தரையைத் தொடுமாறு கூடாரமாகப் போர்த்தி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் அந்த இடம் கருகும். உள்ளே சரவிளக்கு போடுவதானால் பழைய இழை பல்புகளே சூடு தரும், எல்.இ.டி. விளக்குகளால் பயனில்லை. மேயர் வகை எலுமிச்சை ஓரளவு தாங்கும். லைம் வகைகள் தாங்காது. கருகிய கிளைகளை உடனே வெட்டாமல் மார்ச் வரை விட்டுவைத்தால், எதுவரை பட்டிருக்கிறது என்பது துளிர் வரும்போது தெரியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. தண்டைக் கீறிப் பார்த்தேன், உள்ளே வெளுப்பாகவே இருக்கிறது. ஒருவேளை கறிவேப்பிலை பிழைக்காவிட்டால், லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள உறவினர் தம் வீட்டுக் கன்று ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். காரில் கொண்டுவரலாமா?

மறுமொழி (மில்பிடாஸ்)

அன்புகூர்ந்து கொண்டுவராதீர்கள். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான். ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்னும் சிறு பூச்சி அதன் தளிரில் விரும்பி முட்டையிடும், அந்தப் பூச்சிதான் சிட்ரஸ் மரங்களைக் கொல்லும் பசுமையாக்க நோயைப் பரப்புகிறது. கலிபோர்னியாவில் இந்நோய் முதன்முதலில் 2012இல் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில்தான் கண்டறியப்பட்டது. தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளிலிருந்து இத்தகைய செடிகளை வெளியே எடுத்துச்செல்வது சட்டப்படி தடை. வசந்தம் வரட்டும், உங்கள் ஊர் நாற்றங்காலில் மாநில வேளாண் துறையின் சான்றுச்சீட்டோடு விற்கும் கன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.