சாரம் கட்டிய எல்.ஐ.சி. படம்: மாடி எத்தனை?

மவுண்ட்ரோடு மணி:
காலையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சுற்றுகிறது. பாதி எழும்பிய கட்டடம், சுற்றிலும் சாரம். கீழே ‘1953: எல்.ஐ.சி. கட்டும் 14 மாடி’ என்று எழுதியிருக்கிறார் ஒரு புண்ணியவான். எல்.ஐ.சி. பிறந்ததே 1956-ல்! கட்டடத்தைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தன் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனிக்காக. அப்புறம், மாடி 14 இல்லை. 15.

பழையபடம்:
அந்தப் புண்ணியவான் நான்தான். ஊரே ‘பதினாலு மாடி’ என்றுதான் சொல்கிறது. ஊர் முழுக்க முட்டாள், நீங்கள் மட்டும் அறிவாளி. சந்தோஷம்.

மவுண்ட்ரோடு மணி:
ஊர் சொன்னால் மாடி குறைந்துவிடுமா? 15. வருடமும் தப்பு. 1953-ல்தான் அஸ்திவாரமே. அதே வருடம் பாதிக் கட்டடம் எழும்பிவிட்டதா? பூதம் வந்து கட்டியதா?

சிந்தாதிரிப்பேட்டை செல்வி:
தரைத்தளத்தைச் சேர்த்து எண்ணுகிறீர்களா, சேர்க்காமலா? அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்களேன்.

பழையபடம்:
என் தாய்மாமா அங்கே லிப்டில் வேலை பார்த்தவர். 14 என்று அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

மவுண்ட்ரோடு மணி:
மாமா லிப்டுக்குள் நின்றார், நான் வெளியே நின்று எண்ணினேன். 15.

கல்லாப்பெட்டி:
மணி சார், படத்தில் இருப்பதே பாதிக் கட்டடம். அதில் எந்தப் பதினைந்தை எண்ணினீர்கள்?

மவுண்ட்ரோடு மணி:
தம்பி, நான் பேசுவது முடிந்த கட்டடத்தைப் பற்றி. 1959-ல் திறந்தார்கள். உயரம் 177 அடி. 1961-ல் பம்பாயில் உஷா கிரண் கட்டடம் வரும்வரை இந்தியாவிலேயே உயரமான கட்டடம் இதுதான். 14 மாடிக்கா இந்தப் பெருமை?

பழையபடம்:
ஏன், 14 என்றால் பெருமை குறைந்துவிடுமோ? எதற்கெடுத்தாலும் செட்டியார், செட்டியார் என்கிறீர்களே, முடித்தது எல்.ஐ.சி. பணத்தில்தானே?

மவுண்ட்ரோடு மணி:
அவர் 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோனார். தான் தொடங்கிய கட்டடம் எழும்பியதைப் பார்க்கவே இல்லை. பிறகு கம்பெனிகளை அரசுடைமை ஆக்கினார்கள், கட்டடமும் கைமாறியது. அந்த மனுஷன் பெயரை ஒரு வரி போட உங்களுக்குக் கை வலிக்கிறது.

சிந்தாதிரிப்பேட்டை செல்வி:
வரைபடம் போட்ட லண்டன்காரர்கள் பிரவுனும் மௌலினும் 1957-ல் விலகினார்கள். பிறகு முடித்துக் கொடுத்தவர் எல்.எம்.சித்தலே. அவர் பெயரை இங்கே ஒருவரும் சொல்லவில்லை. நான் கேட்ட தரைத்தளத்துக்கும் பதில் இல்லை.

கல்லாப்பெட்டி:
1975-ல் தீப்பிடித்ததே, அந்தப் படம் யாரிடமாவது இருக்கிறதா?

மவுண்ட்ரோடு மணி:
தீயை விடுங்கள். இந்தப் படத்தின் மூலையைப் பாருங்கள். அங்கே என் முத்திரை இருந்தது. மூர்மார்க்கெட் பழைய கடையில் நான் காசு கொடுத்து வாங்கிய அட்டை அது. முத்திரையை வெட்டிவிட்டீர்கள். அதே படத்துக்கு நீல வானமும் மஞ்சள் சாரமும் பூசித் தனியாகச் சுற்றவிட்டிருக்கிறார் இன்னொரு மகான். அன்றைக்கு வானம் நீலமாக இருந்ததென்று அவரிடம் யார் சொன்னது?

பழையபடம்:
ஓ, கோபம் அங்கேதான் இருக்கிறதா! போன வருடம் சென்ட்ரல் ஸ்டேஷன் படத்துக்கும் இதே முத்திரைப் புலம்பல்தான். படம் எடுத்தவரா நீங்கள்? அட்டை வாங்கியவர், அவ்வளவுதானே.

மவுண்ட்ரோடு மணி:
வாங்கியவனுக்காவது எண்ணத் தெரியும். 15.

பழையபடம்:
14.

கல்லாப்பெட்டி:
தீப்பிடித்த படம் கேட்டிருந்தேன்...

மவுண்ட்ரோடு மணி:
முதலில் தலைப்பைத் திருத்தச் சொல்லுங்கள், தேடித் தருகிறேன். முத்திரையோடுதான் தருவேன்.

பழையபடம்:
திருத்த மாட்டேன்.